தண்ணி மேடம்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் உடனே போனில் தேடுவீர்கள். தேடினால் முதல் பக்கத்திலேயே அவர் வந்துவிடுவார். அவர் எடுத்த அளவுகள், வரைந்த வரைபடங்கள், பாதியில் நிற்கும் கட்டுரைகள், தப்பாய்ப் போன சோதனைகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும். என் பெயரைத் தேடினால் அதே பெயரில் மதுரையில் இருக்கும் ஒரு பல் டாக்டர்தான் வருவார். அவருக்குக் கீழே ஒரு கேட்டரிங் சர்வீஸ்.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நாங்கள் இருவரும் வேதியியல் ஆசிரியர்கள். நான் சேர்ந்து பல வருஷம் கழித்து வந்தவர் அவர். ஸ்டாஃப் ரூமில் என் மேஜைக்கு எதிர் மேஜை கொடுத்தார்கள். அவருடைய பேனாவுக்கு மூடி இருக்காது. கைப்பையின் ஜிப் எந்நேரமும் பாதி திறந்தே கிடக்கும். டிபன் பாக்ஸைத் திறந்து மேஜையில் வைத்துவிட்டு யாரையாவது பார்க்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது பாதி காலியாகியிருக்கும். மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு, யார் எடுத்தது என்றுகூடக் கேட்காமல் கைகழுவப் போவார். கம்ப்யூட்டரை அப்படியே விட்டு எழுந்து போவதைப் பார்த்து ஒருமுறை நான் சொன்னேன், யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று.

“பாக்கத்தானே சார் வெச்சிருக்கு” என்றார்.

அவர் ஆராய்ச்சி, நிலத்தடி நீர். ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் கழுவிக் காயவைத்த பாட்டில்கள். கல்லூரி முடிந்ததும் திருமுல்லைவாயில், சேக்காடு, குத்தம்பாக்கம் என்று ஏதாவது ஒரு பக்கம் கிளம்பிவிடுவார். வீடு வீடாகப் போய் போர் தண்ணீரைப் பிடித்துவந்து சோதிப்பார். முடிவு வந்த அன்றே அது இணைய வலையில், அவருடைய பக்கத்தில் ஏறிவிடும். எந்தத் தெரு, எத்தனை அடி ஆழம், தண்ணீரில் என்ன இருக்கிறது, குடிக்கலாமா கூடாதா, எல்லாம் தமிழில் இருக்கும். சோதனையில் பிசகு நேர்ந்தால் அதையும் போடுவார். ‘இந்தப் பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டேன், இந்த அளவை நம்ப வேண்டாம்’ என்று அவரே கீழே எழுதியிருப்பார். எனக்கு அதைப் படிக்கும்போது உடம்பு கூசும். தன் தப்பைத் தானே நோட்டீஸ் அடித்து ஒட்டுவார்களா?

எனக்கு வாய்த்த வழிகாட்டி வேறு மாதிரி பழக்கியிருந்தார். கட்டுரை அச்சில் வரும்வரை ஒரு எண்ணைக்கூட வெளியே விடக் கூடாது என்பார். கருத்தரங்குகளில் நான் காட்டும் வரைபடங்களில் கோடு மட்டும் இருக்கும், பக்கத்தில் எண் இருக்காது. என் பென் டிரைவுக்குப் பாஸ்வேர்டு, அதற்குள் இருக்கும் ஃபைலுக்கு இன்னொரு பாஸ்வேர்டு. அப்படிப் பொத்திப் பொத்தி வைத்து, அதே ஆவடி வட்டாரத்தின் போர் தண்ணீரைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது. அவர் எங்கள் கல்லூரிக்கு வருவதற்கு முன்பே வந்தது. இதை நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வது வழக்கம். அன்று ஸ்டாஃப் ரூமுக்கு மில்க் ஸ்வீட் வாங்கினேன். வீட்டுக்குப் போய் என் மனைவி கோமதிக்குக் காட்டலாம் என்று போனில் திறந்தால், படிக்க வேண்டுமானால் டாலரில் கட்டு என்று வந்தது.

“எழுதுனது நீங்கதானே?” என்றாள் கோமதி.

எங்கள் கல்லூரி அந்த ஆய்விதழுக்குச் சந்தா கட்டவில்லை. என் கட்டுரையை நானே இன்றுவரை அச்சு வடிவில் பார்த்ததில்லை.

கோமதிக்குத் திருநெல்வேலி. வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தவள் என்பதால் இந்த ஊர்த் தண்ணீர் மேல் அவளுக்கு எப்போதும் சந்தேகம். திருமுல்லைவாயிலில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் புதிதாக இன்னொரு போர் போடலாமா என்று அசோசியேஷனில் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம், ஒருநாள் போனும் கையுமாக என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“இங்க பாருங்க, நம்ம பின் தெரு போர்ல நைட்ரேட் இருக்காம். செப்டிக் டேங்க் பக்கத்துல இருந்தா இப்படி வருமாம். கொதிக்க வச்சாலும் போகாதாம். கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்கக் கூடாதாம். யாரோ ஒரு பொண்ணு, எவ்வளவு தெளிவா எழுதியிருக்கா.”

அந்தப் பொண்ணு என் எதிர் மேஜைதான் என்று சொன்னேன். கோமதி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். நானும் இதே ஆராய்ச்சி செய்திருக்கிறேன், அவருக்கு முன்பே செய்திருக்கிறேன் என்றேன். எங்கே என்று கேட்டாள். நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அது கேன் தண்ணீர்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் பேச்சு அடிக்கடி அடிபட்டது. மேடம் என்ன சொல்கிறார், மேடத்திடம் கேளுங்கள், மேடத்தை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடலாம். நான் கூப்பிடவில்லை. கோமதி அவர் போன் எண்ணை வலையிலிருந்தே எடுத்துக்கொண்டாள். அதையும் அவர் எல்லோரும் பார்க்கும்படிதான் போட்டு வைத்திருந்தார்.

அவருடைய அப்பா ஆவடி டிஃபென்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் பல ஊர்ப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் அவருக்கு எல்லாப் பேச்சும் வரும். பிரின்சிபாலிடம் ஒரு தமிழ், வீடுகளில் வேறு தமிழ். எங்கள் துறைத் தலைவர் ஒருமுறை, இரண்டு பேரும் ஒரே வேலையைத்தானே செய்கிறீர்கள், சேர்ந்து போய்வாருங்கள் என்று என்னையும் அனுப்பினார். சேக்காட்டில் ஓர் ஆட்டோக்காரர் வீடு. வாசலில் வண்டி நின்றது. “இன்னாண்ணா, ஊட்டுலதான் கீறீங்களா?” என்று குரல் கொடுத்தபடியே இவர் உள்ளே போனார். ஆட்டோக்காரர் வெளியே வந்து என்னைப் பார்த்ததும் கொஞ்சம் யோசித்தார்.

“இந்த சாரு முன்னாடி ஒரு தபா வந்துகீறாரு மேடம். இவரும் புட்டில புடிச்சிகினு போனாரு. தண்ணில இன்னா கீதுன்னு அப்பால ஒண்ணியும் சொல்லல. நீங்க சொன்னப்பறந்தான் எங்க ஊட்ல கேன் வாங்கறோம்.”

எனக்கு அந்த வீடு ஞாபகம் இல்லை. என் கட்டுரையில் அது ஒரு எண்ணாகத்தான் இருக்கிறது. மேடம் குழாயைத் திறந்து, முதலில் வரும் தண்ணீர் ஓடட்டும் என்று காத்திருந்தார். திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். இப்படி எல்லாவற்றையும் போட்டுவிட்டால் நாளைக்கு வேறு யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டேன். கேள்வியில் இருந்த குத்தலை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

பி.எச்டி. செய்யும்போது அவருக்குப் படிக்கக் கட்டுரைகள் கிடைக்கவில்லையாம். எல்லாம் பணம் கேட்டன. எழுதியவர்களுக்கே கடிதம் எழுதிக் கெஞ்சுவாராம். பெரும்பாலும் பதில் வராது. எங்கோ தென் அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் மட்டும், அவர் கேட்ட ஒரு கட்டுரைக்குப் பதிலாகத் தன் வாழ்நாள் வேலை மொத்தத்தையும் அனுப்பி வைத்தாராம்.

“எனக்காவது கேக்கத் தெரிஞ்சுது சார். கேக்கணும்னே தெரியாதவங்க எவ்ளோ பேரு இருக்காங்க” என்றார்.

நானும் அப்படிக் கெஞ்சியவன்தான். எனக்கு ஒருவரும் அனுப்பவில்லை. கஷ்டப்பட்டுச் சேர்த்ததைக் கையை விட்டு விடக் கூடாது என்பதைத்தான் நான் அதிலிருந்து கற்றுக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே பட்டினியைக் கடந்து வந்திருக்கிறோம், அவர் மட்டும் எப்படிப் பந்தி வைக்கிறவராக ஆனார் என்று அந்த டீக்கடையில் நின்று நான் பொருமியது அவருக்குத் தெரியாது.

ஒருநாள் நான் எதிர்பார்த்தது நடந்தது. ஏதோ தேடும்போது ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. எழுதியவர்கள் இரண்டு பேர், வடக்கே ஒரு பல்கலைக்கழகம். உள்ளே இருந்தது எங்கள் ஆவடி, எங்கள் சேக்காடு. அவர் போட்ட அளவுகளை அப்படியே எடுத்திருந்தார்கள். அவர் பெயர் எங்கேயும் இல்லை. கல்லூரிப் படிக்கட்டில் நான் அவ்வளவு வேகமாக ஏறியது அன்றுதான். மிகவும் வருத்தமாக இருக்கிறது மேடம் என்று சொல்லி நீட்டினேன். என் முகத்தில் வருத்தம் இருந்திருக்காது.

அவர் நின்றபடியே கடைசிவரை படித்தார். கண் கலங்கியது. பேர் போடாவிட்டால் பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொல்வார் என நினைத்தேன், சொல்லவில்லை. கோபமாகத்தான் இருக்கிறது என்றார். எடுத்துக்கொள்ளச் சொல்லித்தான் போட்டேன், எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமல் எடுக்கச் சொல்லவில்லை என்றார். அன்றே ஆய்விதழுக்கு எழுதினார். பல மாதம் விடாமல் எழுதி, அந்தக் கட்டுரையின் அடியில் தன் பெயரைப் போட வைத்தார்.

ஆனால் கடிதத்தை அனுப்பிவிட்டு அன்று மாலை என்ன செய்தார் தெரியுமா? குத்தம்பாக்கத்தில் முந்தின வாரம் எடுத்த அளவுகளை வலையில் ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. அவருக்கு வலித்தது மட்டும் எனக்குப் போதவில்லை. அவர் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால் நான் இத்தனை வருஷம் பூட்டி வைத்தது சரி என்று ஆகியிருக்கும்.

பிறகுதான் அந்தப் புது லேஅவுட்டின் விவகாரம் வந்தது. சேக்காட்டுக்கு அந்தப் பக்கம் அடுக்கடுக்காய் ஃப்ளாட்டுகள் எழும்பியிருந்தன. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் கடன் போட்டு வாங்கியிருந்தார்கள். அங்கேயும் மேடம் பாட்டிலோடு போய்வந்து, தண்ணீரில் நைட்ரேட் அளவுக்கு மேல் இருக்கிறது என்று போட்டுவிட்டார். விஷயம் வாட்ஸாப்பில் சுற்றியது. விற்கலாம் என்று இருந்தவர்களுக்கு வந்த ஆட்கள் திரும்பிப் போனார்கள். அந்தக் குடியிருப்பின் சங்கத்திலிருந்து மூன்று பேர் பிரின்சிபாலைப் பார்க்க வந்தார்கள். பேசியவர் பிரபு என்று ஓர் இளைஞர், சேலம் பக்கத்துக்காரர். சத்தம் போடவில்லை. கல்லூரியின் பெயரைப் போட்டு இப்படி எழுதலாமா, யார் அனுமதித்தது என்று கேட்டார்.

பிரின்சிபால் மேடத்தைக் கூப்பிட்டு, அதை எடுத்துவிடுங்கள் என்றார். மேடம், அளவு தப்பு என்று யாராவது காட்டினால் எடுக்கிறேன் என்றார். அந்த வருஷம் அவருக்கு வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. அது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பிரின்சிபால் என்னை வரச் சொன்னார். நானும் அதே வட்டாரத்தில் ஆராய்ச்சி செய்தவன் ஆயிற்றே, இவர் போட்டிருப்பது சரிதானா என்று கேட்டார்.

மறுபடியும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது என்று நான் சொல்லியிருந்தால் போதும். அது பொய்யும் அல்ல. எந்த ஆய்வைப் பற்றியும் சொல்லக்கூடிய வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையில் அவருடைய பக்கம் வலையிலிருந்து இறங்கியிருக்கும். மேடம் என்னைப் பார்த்தார். எப்போதும் பார்ப்பது போலவே பார்த்தார்.

எனக்கு அப்போது நியாய உணர்ச்சி வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வந்தது பொறாமை. வேலைக்குப் போகிற மூன்று பேர் லீவு போட்டுவிட்டு, வெயிலில் வந்து, அவருடைய ஆராய்ச்சிக்காகச் சண்டை போடுகிறார்கள். என் கட்டுரையைப் படித்து ஒருவருக்கும் ஒருநாளும் கோபம் வந்ததில்லை. இந்தத் தண்ணீரை முதலில் கண்டவன் நான் என்று வந்த மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியாது.

“சரிதான் சார். இது புதுசும் இல்ல. அந்தப் பக்கம் அப்போ முதல் பிளாக் மட்டுந்தான் இருந்துது, ஓரமா இருந்த போர்ல நான் எடுத்திருக்கேன். இதே அளவுதான். மேடத்துக்கு முன்னாடியே கட்டுரையா வந்திருக்கு” என்றேன்.

பிரின்சிபால் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிரபு என் பக்கம் திரும்பினார்.

“எப்ப சார் வந்துச்சு?”

வருஷத்தையும் மாதத்தையும் சொன்னேன். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னேன். அவர் மனதுக்குள் ஏதோ கணக்குப் பார்த்தார்.

“நாங்க அதுக்கப்புறந்தான் சார் புக் பண்ணோம். பண்றதுக்கு முன்னாடி இந்த ஏரியா தண்ணி எப்படின்னு நெட்ல தேடுனேன். ரொம்ப நேரம் தேடுனேன். ஒண்ணுமே வரல.”

அது வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது என்று நான் ஆரம்பித்தேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வீட்டில் குழந்தைக்கு எட்டு மாசம் என்று மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். இதுவரை என்ன தண்ணீர் கொடுத்தீர்கள், தாய்ப்பாலா, புட்டிப்பாலா என்று மேடம் கேட்டுக்கொண்டிருந்தார். சண்டை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கடைசியில், கல்லூரியின் பெயரை மட்டும் எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. மேடம் அங்கேயே போனில் அதை எடுத்தார். மற்றது எல்லாம் அப்படியே இருந்தது.

வெளியே வந்ததும் நடைபாதையில் என்னை நிறுத்தினார். அந்த இடத்து அளவை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பார் என்று பயந்தேன். அவர் முகம் சந்தோஷத்தில் மலர்ந்திருந்தது.

“பழைய ரீடிங் உங்ககிட்ட இருக்கா சார்? அது இருந்தா ஏறிக்கிட்டே வருதா, எறங்குதான்னு தெரிஞ்சுடும். உங்க பேர்லயே மேல போட்டுடலாம்.”

உரிமையை ஆய்விதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். எழுதியதுதான் அவர்களுடையது, அளந்தது உங்களுடையதுதானே என்றார். பார்க்கிறேன் மேடம் என்றேன். அதற்குப் பிறகு அவர் இன்னும் சில தடவை கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன்.

பிரபுவும் மற்றவர்களும் மேடம் வலையில் போட்டிருந்த வரைபடத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டுபோய் பில்டரோடு மோதினார்கள். போருக்குப் பக்கத்தில் இருந்த செப்டிக் டேங்கை இடித்து வேறு இடத்தில் கட்ட வைத்தார்கள். போரை மூடிவிட்டுக் கொஞ்ச காலம் லாரித் தண்ணீரில் ஓட்டினார்கள். பிறகு தெருவுக்கு நகராட்சிக் குழாய் வந்தது.

அடுத்த கல்வியாண்டில் எதிர் மேஜையில் மேடம் இல்லை. கல்லூரி அவரை நீட்டிக்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். கணவருக்கு மாற்றல் என்று சிலர் சொன்னார்கள். கிளம்பும் அன்று நானே கேட்டேன். “ரெண்டுந்தான் சார்” என்று சிரித்தார். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறார் என்று கோமதி வழியாகத் தெரிந்துகொண்டேன். இப்போது அந்த வட்டாரத்துக் கிணறுகளை அளந்து போட்டுக்கொண்டிருக்கிறார். என் மாமனார் வீட்டு வாட்ஸாப் குரூப்பிலும் வந்துவிட்டார்.

சில மாதம் முன்பு பிரபு என்னைக் கூப்பிட்டார். குழாய்த் தண்ணீர் போதவில்லை, மூடிய போரைத் திறக்கலாமா என்று சங்கத்தில் கேட்கிறார்கள், ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். அவருடைய மகள் இப்போது ஓடித் திரிகிறாள். மோட்டாரைப் போட்டு, தண்ணீர் கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டு, பிடித்து, சோதனைத் தாளை முக்கினேன். லேசாக ரோஸ் நிறம் ஏறி நின்றது. முன்பு இருந்ததற்கு எவ்வளவோ குறைவு. லேபில் பார்த்துவிட்டுத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் நன்றாக இறங்கியிருக்கிறது என்றேன். பிரபு அந்தத் தாளைப் போட்டோ எடுத்தார். பெரிய உதவி சார் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே அதை மேடத்துக்கு அனுப்பினார்.

என் எதிரிலேயே அனுப்பினார். பாட்டிலைத் தூக்கிக் கீழே போடலாம் போல இருந்தது.

நான் பையைக் கட்டி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. பிரபு சத்தமாகப் படித்தார்.

“ரொம்ப சந்தோஷம். ஆனா இது சாரோட ரீடிங். அவர்தான் போடணும்.”

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். லேபில் முடிவு வரட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முடிவு வந்தது. ஒரு சாயங்காலம் கோமதியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பென் டிரைவைத் திறந்து, புதியதையும் பழையதையும் சேர்த்து என் பெயரில் வலையில் ஏற்றினேன். சேக்காட்டு ஆட்டோக்காரர் வீடும் அதில் இருந்தது. எண்ணை எடுத்துவிட்டுத் தெருவின் பெயரைப் போட்டேன். கோமதி தன் போனில் திறந்து பார்த்தாள். பணம் கேட்கவில்லை. முழுக்கப் படித்துவிட்டு, தமிழ் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது, மேடம் மாதிரி எழுதக் கூடாதா என்றாள்.

மறுநாள் காலை பல் தேய்ப்பதற்கு முன்பே எழுந்துபோய் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். நான் நினைத்ததைவிட அதிகம்தான். மனது கொஞ்சம் குளிர்ந்தது. பிறகு அவருடைய பக்கத்தைத் திறந்து, அதை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தேன்.